புது ஸ்கேட்டிங் பூட்டில் பிளேடு இழுக்கிறது, திருப்பி அனுப்பிவிடவா?

தில்லி மயூர் விகாரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருடம் ரிங்க்கில் வாடகை ஸ்கேட்டில் ஓட்டியபின், இப்போதுதான் ஃபிகர் ஸ்கேட்டிங் பூட்டும் பிளேடும் தனித்தனியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள். முதல் நாளே மூன்று புகார். இடது கால் உள்பக்கமாகச் சாய்கிறது. ஒற்றைக் காலில் நேராகப் போகச் சொன்னால் கோடு வளைகிறது. வலது குதிகாலில் ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. "அண்ணா, பூட்டே கோளாறா? திருப்பி அனுப்பிவிடவா, இல்லை பிளேடைக் கழற்றி மறுபடி மாட்டவா?" என்று கேட்கிறார்.

திருப்பி அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். சோலில் ஸ்க்ரூ இறங்கிய பூட்டைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. எடுத்தாலும் கூரியர், கஸ்டம்ஸ் என்று அலைச்சல்தான் மிச்சம். அதற்கு அவசியமும் இருக்காது என்றே படுகிறது. சுற்றுகிற ஸ்க்ரூ அரை மணி நேர வேலை. மற்ற இரண்டுக்கும் பிளேடை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டியிருக்கலாம். எந்தப் பக்கம் நகர்த்துவது, முதலில் நகர்த்தத்தான் வேண்டுமா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் இதை முழுக்கப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

நான் இருப்பது ஆர்.கே.புரம். ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை. மகள் குருகிராம் ஆம்பியன்ஸ் மாலில் ஐஸ் ஸ்கேட்டிங் பழக ஆரம்பித்த பிறகு, பிளேடு மாட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. 'உளியையும் ரம்பத்தையும் கட்டி மேய்க்கிறோம், இது என்ன பெரிய வித்தை' என்று நானே உட்கார்ந்தேன். முதல் ஜோடியில் செய்யக்கூடாததை எல்லாம் ஒரே இரவில் செய்து முடித்தேன். தகட்டில் எத்தனை துளை இருந்ததோ அத்தனையிலும் ஸ்க்ரூ போட்டேன். டிரில்லில் அளவு வைக்காமல் துளைத்ததில் ஒரு துளை சோலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. காலை வைத்ததுமே பிள்ளை "அப்பா, குத்துது" என்றாள். அந்தப் பூட் இன்னும் பரணில் இருக்கிறது. அதற்கப்புறம் பலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். 2025இல் சீனாவின் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஃபிகர் ஸ்கேட்டர் தாரா பிரசாத் இந்தியாவுக்காக ஆடியதைப் பார்த்த பிறகு, இங்குள்ள நம்மவர் வீடுகளிலிருந்து இப்படிக் கேட்டு வரும் போன்கள் கொஞ்சம் கூடித்தான் இருக்கின்றன.

முதலில் பிளேடை மறந்துவிட்டுப் பூட்டைப் பாருங்கள். எத்தனை சைஸ் பெரிதாக வாங்கினீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி, தீபாவளிச் சட்டை மாதிரி, 'வளர்கிற பிள்ளை, ரெண்டு வருஷம் வரட்டும்' என்று வாங்குவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஸ்கேட்டிங் பூட்டில் அது செல்லாது. குதிகால் உள்ளே ஆடினால் கணுக்கால் உள்பக்கம் மடங்கும். அப்போது பிளேடை எங்கே வைத்தாலும் கால் சாயத்தான் செய்யும். பூட்டின் உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, பாப்பாவை அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். குதிகால் பின்விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். முன்னால் பெருவிரலுக்கும் இன்சோலின் விளிம்புக்கும் நடுவே கால் இஞ்ச், அதாவது 6 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கலாம். வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சலுகை உண்டு. சுண்டுவிரல் படுக்கிற அளவு இடம் இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி அங்கேதான்.

அப்படியே வெறுங்காலில் அவள் நிற்பதைப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் நரம்பு நேராக இறங்குகிறதா, உள்பக்கம் வளைகிறதா? பாதத்தின் நடுக்குழி தரையைத் தொடுகிறதா? தட்டைப் பாதமாக இருந்தால் குழியைத் தாங்கும் இன்சோல் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். லேஸையும் கவனியுங்கள். கணுக்கால் மடிப்பில் இறுக்கமும் விரல்களின் மேல் கொஞ்சம் தளர்வும் வேண்டும். பல பிள்ளைகள் நேர்மாறாகக் கட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, புதுப் பூட்டின் தோல் கால் வாகுக்கு இளகச் சில மணி நேரமாவது ஓட வேண்டும். முதல் நாள் ஸ்கேட்டிங்கை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அடுத்து பிளேடின் விளிம்புகள். ஃபிகர் பிளேடின் அடி கத்தி மாதிரிக் கூராக இருக்காது. கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் அகலம், நடுவில் நீளவாட்டில் ஒரு பள்ளம், பள்ளத்தின் இரு கரையிலும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு மயிரிழை உயர்ந்தாலும் பிளேடு ஒரு பக்கம் இழுக்கும். அதைப் பார்த்துவிட்டு 'மாட்டினது சரியில்லை' என்று பிளேடைக் கழற்றி நகர்த்திக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சோதனை எளிது. பூட்டைத் தலைகீழாக மடியில் வைத்து, 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலைப் பிளேடுக்குக் குறுக்காக, இரண்டு விளிம்பிலும் பட வையுங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டம் கிடைத்தால் ஒரு கையைப் பிளேடின் பக்கத்தோடு ஒட்டிப் பிடித்து, ஸ்கேல் அதற்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் செய்ய வேண்டும். ஸ்கேல் ஒரு பக்கம் சரிந்தால் கோளாறு சாணையில். ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், ஃபிகர் பிளேடு தீட்டத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், ஒருவர் கொடுத்தார். அந்த மனிதர் பாவம், தன் தொழிலைச் சுத்தமாகச் செய்து, பள்ளத்தைத் தேய்த்துத் தட்டையாக்கிப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். பிளேடை நீளவாட்டில் பார்த்தாலும் நேர்கோடு கிடையாது. 7 அடி அல்லது 8 அடி ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு அது. அந்த வளைவு போனால் பிளேடே போன மாதிரி.

விளிம்பு சரி, பூட்டும் சரி என்றால் இனிதான் மாட்டிய விதத்துக்கு வருகிறோம்.

பிளேடின் மேல் இரண்டு தகடுகள் இருக்கும். பெரியது முன்பாதத்தில் உட்காரும், சிறியது குதிகாலில். துளைகளை உற்றுப் பாருங்கள், சில வட்டம், சில நீளவாக்கில். நீள்துளைகள் தற்காலிகத்துக்கு. அவற்றில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் லேசாகத் தளர்த்திப் பிளேடைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தலாம். எல்லாம் சரிப்பட்ட பிறகுதான் வட்டத்துளைகளில் ஸ்க்ரூ இறங்க வேண்டும். ஷெஃபீல்டில் செய்கிற ஜான் வில்சன், எம்.கே. பிளேடுகளானாலும் சரி, வேறு கம்பெனியானாலும் சரி, துளைகளின் இடம் மாறும், யோசனை இதுதான். புது பிளேடை மாட்டிய உடனே வட்டத்துளைகளையும் நிரப்புவது, ஒத்திகையே பார்க்காமல் அரங்கேற்றம் வைப்பது மாதிரி. உங்களுக்கு மாட்டியவர் எத்தனை ஸ்க்ரூ, எந்தத் துளையில் போட்டிருக்கிறார் என்று ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். நீள்துளைகளில் மட்டும் போட்டிருந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

இப்போது பிளேடு எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். சோலின் அடியில் குதிகாலின் நடுப்புள்ளியைப் பென்சிலால் குறியுங்கள். முன்னால், பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே வரும் இடத்தைக் குறியுங்கள். இரண்டையும் இணைக்கும் கோட்டில் பிளேடு நின்றால் தொடக்கத்துக்குச் சரி. சோலின் முன்பக்கம் சமச்சீராக இல்லாததால் இந்தக் கோடு கண்ணுக்குக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளியிருப்பது போலத் தெரியும், பயப்படாதீர்கள். நீளவாட்டில், பின்தகடு குதிகாலின் பின்விளிம்போடு ஏறத்தாழ ஒட்டி நிற்க வேண்டும். பிளேடின் நீளம் சோலின் நீளமோ, அதைவிடக் கால் இஞ்ச் குறைவோ இருக்கலாம். சோலைவிட நீண்டு வெளியே துருத்தினால் அளவே தப்பு.

அடுத்து வளைவு. தம்பி சொன்ன இரண்டாவது புகாருக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். காலையில் ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில் உட்காருங்கள். பூட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் வால் உங்கள் கண்ணுக்கு அருகிலும் முன்பல் (பிளேடின் முன்நுனியில் இருக்கும் பல்வரிசை) தூரத்திலும் இருக்க, ஒரு கண்ணை மூடிப் பிளேடின் நீளத்தில் பார்வையை ஓட்டுங்கள். தச்சர் பலகையைத் தூக்கிக் கண்ணில் ஒட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. நேராக இருந்தால் பளபளக்கும் விளிம்பு ஒரே கோடாக ஓடும். வளைந்திருந்தால் நடுவில் வில் போல ஒரு பக்கம் போய்த் திரும்பும். கண்ணுக்குத் தெரிகிற வளைவு பனியில் நிச்சயம் தெரியும்.

பிளேடு கடையிலிருந்து வளைந்து வருவது அபூர்வம். பெரும்பாலும் மாட்டும்போது வளைகிறது. தோல் சோல் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. முன்பாதத்தின் அடியும் குதிகாலின் அடியும் ஒரே தளத்தில் இருப்பது அவ்வளவு உறுதியில்லை. குதிகால் ஒரு ஓரம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை முடுக்க முடுக்கத் தகடு கீழே இழுபடும், கூடவே பிளேடும் முறுக்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க, பின்தகட்டின் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு முன்தகட்டை மட்டும் முடுக்கி வையுங்கள். பின்தகடு இப்போது எங்கே போய் நிற்கிறது? குதிகாலின் மேல் சமமாக உட்கார்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு ஓரம் தூக்கியிருந்தால் அந்தச் சந்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டு தாராளமாக நுழைகிறதென்றால் அங்கே பேக்கிங், அதாவது சந்தை நிரப்பும் மெல்லிய துண்டு, வேண்டும்.

பேக்கிங்குக்கு நல்ல பொருள் மெல்லிய சோல் தோல். உங்கள் மார்க்கெட்டில் செருப்புத் தைக்க உட்கார்ந்திருக்கும் மோச்சியிடம் கேளுங்கள். தோலை ஒரு ஓரம் தடிமனாகவும் மறு ஓரம் காகிதமாகவும் சீவுவதில் அவர் கை நம் கையைவிட ஆயிரம் மடங்கு தேர்ந்தது. பத்து இருபது ரூபாய்க்குச் சீவிக் கொடுப்பார். தகட்டுக்கு அடியில் பசை தடவவோ ஆணி அடிக்கவோ கிளம்பினால் மட்டும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். தோல் கிடைக்காவிட்டால் காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டி வைக்கலாம். அட்டைப்பெட்டி அட்டை கூடாது, தண்ணீர் பட்டதும் ஊறி நைந்துவிடும். பின்தகடு முழுதுமாக ஒரே அளவில் தூக்கியிருந்தால் குதிகால் உயரத்துக்கும் பிளேடின் உயரத்துக்கும் பொருத்தம் இல்லை என்று அர்த்தம். அதற்குத் தகடு அளவுக்கு ஒரே கனமான முழுத் தோல் துண்டு வைக்க வேண்டும். பேக்கிங் வைத்து முடுக்கிய பிறகு மறுபடி ஜன்னல் ஓரம் போய்க் கண்ணை ஓட்டிப் பாருங்கள்.

சரி, சாய்வுக்கு வருவோம். இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன். கால் உள்பக்கம் சாய்கிறதென்றால் பிளேடை வெளிப்பக்கம் தள்ளினால் நிமிரும் என்று மனம் சொல்லும். உண்மை எதிர்மாறு. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தால் முட்டுக்கம்பை எந்தப் பக்கம் கொடுப்போம்? சாய்கிற பக்கம்தானே? அதே கணக்கு. உடம்பின் எடை பிளேடுக்கு உள்பக்கமாக விழுவதால்தான் கால் உள்ளே சாய்கிறது, ஆக பிளேடை அந்த எடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கால் உள்ளே சாய்ந்தால் பிளேடு உள்ளே, வெளியே சாய்ந்தால் பிளேடு வெளியே.

உள்ளே என்றால் எது என்பதிலும் ஒரு தடுமாற்றம் வரும். பூட்டைக் கவிழ்த்து மடியில் வைத்ததும் இடது வலது மாறிப்போகும். முதலிலேயே பெருவிரல் பக்கமாகப் பூட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி 'உள்' என்று எழுதிவிடுங்கள். இருபது வருடம் லேத்தில் வேலை பார்த்த நானே எழுதித்தான் செய்கிறேன்.

நகர்த்துமுன் தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கே இருந்தது என்று தெரியாமல் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல முடியாது. பிறகு நீள்துளை ஸ்க்ரூக்களை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, குதிகால் பக்கம் உள்நோக்கி 1.5 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். கோட்டைவிட்டு ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தால் போதும். முடுக்கும்போது கார் டயர் மாற்றிவிட்டு நட்டை முடுக்குவது போல எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் தகடு மறுபடி நழுவும். முன்தகட்டை இந்த வாரம் தொட வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒரு காலில் மட்டும். இரண்டு காலிலும் முன்னும் பின்னும் மாற்றிவிட்டு ரிங்க்குக்குப் போனால், எது சரியாச்சு, எது கெட்டது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

சோதனையை ரிங்க்கில் எப்படிச் செய்வது? ஐஸ் போடும் வண்டி ஓடி முடிந்த உடனே, கூட்டம் இறங்குவதற்கு முன் போங்கள். மிதமான வேகத்தில் வந்து, முட்டியை லேசாக மடக்கி, இடது காலில் மட்டும் நின்று சும்மா வழுக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் குனிந்து அந்தத் தடத்தைப் பாருங்கள். பிளேடு நேராக நின்று போயிருந்தால் ரயில் தண்டவாளம் போல நூலளவில் இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், இரு விளிம்பும் பனியைத் தொட்டதன் அடையாளம். ஒற்றைக் கோடுதான் தெரிகிறது, அதுவும் வளைகிறது என்றால் ஒரு விளிம்பில்தான் போயிருக்கிறாள். பின்னாலிருந்து போனில் வீடியோவும் எடுங்கள். கணுக்கால் சாய்ந்து கோடு வளைந்தால் பிளேடின் இடமோ பூட்டோ காரணம். கணுக்கால் தூண் மாதிரி நிமிர்ந்து நின்றும் கோடு வளைந்தால் வளைந்த பிளேடு அல்லது ஏறுக்குமாறான விளிம்பு. கோடு நேராகப் போகிறது, பாதம் மட்டும் கோணலாகத் திரும்பி நிற்கிறது என்றால் முன்தகட்டின் திசை தப்பு. அப்போது மட்டும் முன்தகட்டைத் தொடுங்கள்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்து நகர்த்தாதீர்கள். புது இடத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு செஷன் ஆகும். இடது கால் மொத்தமாக 3 மில்லிமீட்டர் நகர்த்தியும் சாய்கிறதென்றால் நிறுத்திவிடுங்கள். அது பிளேடின் வேலையில்லை. மறுபடி இன்சோலுக்கும் பூட் அளவுக்கும் போங்கள்.

வலது குதிகால் ஸ்க்ரூ. ஸ்க்ரூ சுற்றுகிறதென்றால் சோலில் மறை கழன்றுவிட்டது. பவர் டிரில்லில் ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள் என்று பந்தயமே கட்டுவேன். தோலில் கடைசிக் கால் சுற்று கையால்தான் முடுக்க வேண்டும், மிஷினுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், துளையைக் காய விடுங்கள். மூங்கில் பல்குச்சியையோ தோல் சீவலையோ அரால்டைட்டில் தோய்த்துத் துளைக்குள் அடைத்து, மட்டமாக வெட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் நடுவில் புதிதாகத் துளைத்து அதே ஸ்க்ரூவைப் போடலாம். பசை ஸ்க்ரூவின் மேலேயே ஒட்ட விடாதீர்கள், பிறகு கழற்றும்போது அழுவீர்கள். பெரிய ஸ்க்ரூ போட்டுவிடலாமே என்று தோன்றும். தலை பெரிதாகித் தகட்டின் குழியில் உட்காராமல் துருத்தும், நீளம் கூடினால் என் மகளுக்குக் குத்தியது உங்கள் மகளுக்கும் குத்தும்.

பிளேடைக் கொஞ்சமாக நகர்த்தும்போதும் இதே தொல்லை வரும். புதுத் துளை பழைய துளையின் ஓரத்திலேயே விழும், ஸ்க்ரூ வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விடும், பிளேடும் கூடவே போய்விடும். பழையதை அடைக்காமல் பக்கத்தில் துளைக்கக் கூடாது. வேறு துளை காலியாக இருந்தால் அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

துளை போடுவதற்கு 2.5 மில்லிமீட்டர் பிட் போதும், ஸ்க்ரூவின் தடிமன் 3.5 சொச்சம் இருக்கும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், டேப் தோலைத் தொட்டதும் கை நிற்க வேண்டும். முன்பாதத்தில் அரை இஞ்ச் ஸ்க்ரூ, குதிகாலில் தோல் கனம் அதிகம் என்பதால் இஞ்ச்சில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 16 மில்லிமீட்டர் வரை போகலாம். முடித்ததும் இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூ தொலைந்தால் சாவ்டி பஜாருக்குப் போங்கள். எஃகு, பித்தளை என்று அந்தத் தெருவில் இல்லாத ஸ்க்ரூ கிடையாது. பழைய ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோய், துருப்பிடிக்காத ஸ்டீலில் அதே தலை, அதே மறை வேண்டும் என்று கேளுங்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்று முலாம் பூசியதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், பார்த்து வாங்குங்கள். உங்களுடையது எடியா கம்பெனிப் பூட் மாதிரித் தோல் இல்லாத செயற்கை சோல் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். அதற்குத் தயாரிப்பாளரே சொல்லும் ஸ்க்ரூவும் துளை அளவும் உண்டு, பல்குச்சி வைத்தியம் அங்கே எடுபடாது.

எல்லாம் சரிப்பட்டு மூன்று நாலு செஷன் நன்றாக ஓடிய பிறகு, முன்தகட்டில் இரண்டு மூன்று வட்டத்துளை, பின்தகட்டில் ஒன்றோ இரண்டோ போட்டு நிலைப்படுத்துங்கள். மிச்சத்தைக் காலியாகவே விடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி நகர்த்த வேண்டிவந்தால், கெட்டித் தோல் கிடைக்க அந்த இடங்கள்தான் மிச்சம்.

தண்ணீர் விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தோல் சோலுக்கு எமன் தண்ணீர்தான். உருகிய பனி ஸ்க்ரூ துளை வழியாக இறங்கி உள்ளே ஊறும், தோல் பஞ்சு போலாகும், ஸ்க்ரூ பிடி தளரும். நிலைப்படுத்தும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவின் மறையிலும் கொஞ்சம் தேன்மெழுகு தடவி முடுக்குங்கள், காலித் துளைகளையும் மெழுகால் அடைத்துவிடுங்கள். சோலின் ஓரங்களுக்கும் அடிக்கும் தோல் மெழுகு இரண்டு பூச்சு. ரிங்க்கைவிட்டு வெளியே வந்ததும் பிளேடு, தகடு, சோல் மூன்றையும் துணியால் துடைத்து, துணி உறை போட்டுப் பையில் வைக்க வேண்டும். பிளேடின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை (guard) நடப்பதற்கு மட்டும். அதைப் போட்டபடியே பையில் வைத்தால் உள்ளே தேங்கும் ஈரத்தில் ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் ஒரே இரவில் துரு ஏறும். மே மாதத்தில் கார் டிக்கியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். தில்லி வெயிலில் டிக்கிக்குள் அடுப்புதான் எரியும், சோலின் அடுக்குகளை ஒட்டிய பசை இளகிவிடும்.

முதல் ஒரு மாதம் ஒவ்வொரு செஷனுக்கு முன்னும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் எல்லாவற்றையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். புதுத் தோல் அமுங்க அமுங்க ஸ்க்ரூ தளர்வது இயல்பு. பையில் ஸ்க்ரூ டிரைவரோடு உபரியாக நாலு ஸ்க்ரூ, ஒரு பென்சில், கொஞ்சம் பல்குச்சி.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் இன்சோல் சோதனையும் ஸ்கேல் சோதனையும். வலது குதிகால் துளையை இன்றிரவே அடைத்து வையுங்கள், நாளை இரவுக்குள் காய்ந்துவிடும். சனிக்கிழமை காலை ஜன்னல் ஓரத்தில் பிளேடின் வளைவு. பேக்கிங் தேவையென்றால் அதை முதலில் முடியுங்கள், அதிலேயே சாய்வும் போய்விடக்கூடும். போகாவிட்டால் மட்டும் இடது பின்தகடு, உள்பக்கம், ஒன்றரை மில்லிமீட்டர். ஞாயிறு ரிங்க்கில் தடத்தைப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கோடா இரட்டைக் கோடா என்று எழுதுங்கள். பூட்டின் அடியைப் போட்டோ எடுத்து அனுப்பும்போது அந்த 'உள்' டேப்பும் படத்தில் தெரியட்டும்.